தர்மபுரி வெயிலில் வீட்டிலேயே ஃபிலிம் கழுவ: முதல் ரோலுக்கான முழு வழிகாட்டி

கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டில் கழுவ இருட்டறை தேவையில்லை. ஃபிலிமை டேங்க் என்ற வெளிச்சம் புகாத பாத்திரத்துக்குள் ஏற்றும் கொஞ்ச நேரம் மட்டும்தான் முழு இருட்டு வேண்டும். மீதி வேலை எல்லாம் விளக்கு வெளிச்சத்தில், ஒரு மேசையும் ஒரு பேசினும் இருந்தால் நடக்கும். புதிதாகத் தொடங்கிய நண்பர்களின் ரோல்கள் கெட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: வேலையின் வரிசை மாறியிருக்கும், இல்லையென்றால் தண்ணீரின் சூட்டைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

படத்தைத் தெரியவைக்கும் ரசாயனமான டெவலப்பரின் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் 20 டிகிரி செல்சியஸுக்கானது. சித்திரையில் தர்மபுரியில் மதியம் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அந்த 20 டிகிரியை எட்டிப் பிடிக்கப் போராடுவதை விட, நம் வீட்டில் நிலையாக வைத்துக்கொள்ளக் கூடிய ஒரு வெப்பத்தைத் தேர்ந்து, நேரத்தை அதற்கேற்ப மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் கணக்கெல்லாம் ஒரே ஒரு 35 மி.மீ. கருப்பு வெள்ளை ரோலுக்கானது.

1. வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

முதல் ரோலாக ஐஎஸ்ஓ 400 கருப்பு வெள்ளை ஃபிலிம் வாங்குங்கள். வெளிச்சம் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு) கூடிவிட்டாலும் அது தாங்கும். இங்கே நான் எடுத்துக்கொள்வது இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ்.

டப்பாவில் ‘சி-41’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் கருப்பு வெள்ளைப் படம்தான் தரும், ஆனால் அதைக் கலர் ஃபிலிம் முறையில் கழுவ வேண்டும். விலை குறைவு என்று சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றி விற்பதையும் முதல் ரோலுக்கு எடுக்காதீர்கள். பலவற்றின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கும், அதை நீக்குவது தனி வேலை.

கருவிகள்: இரண்டு ரீல் (ஃபிலிமைச் சுற்றி ஏற்றும் சுருள்) கொள்ளும் பேட்டர்சன் வகை டேங்க், சேஞ்சிங் பேக் (கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும் இருட்டுப் பை), 0.5 டிகிரியாவது பிரித்துக் காட்டும் தெர்மாமீட்டர், 500 மி.லி. அளவு ஜாடி இரண்டு, 1 லிட்டர் பாட்டில் இரண்டு, கத்தரிக்கோல், சோடா பாட்டில் திறக்கும் ஓப்பனர், கையுறை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அதன் அளவே 35 டிகிரிக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ரசாயனம் தொட்ட ஜாடியோ கரண்டியோ திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. அதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ஃபிலிமையும் டேங்கையும் பெங்களூரு, சென்னைக் கடைகளிலிருந்து கூரியரில் வரவழைக்க வேண்டியிருக்கும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம்தான், நேரிலேயே போய் வரலாம். வந்த ஃபிலிமைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே பிரிக்காமல் ஒரு மணி நேரம் வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த ஃபிலிமில் ஈரம் பூக்கும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போய்க் காரை வெயிலில் நிறுத்தினால் ரோலை டேஷ்போர்டில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

2. ரோல் போடுவதற்கு முன் கேமராவைச் சோதியுங்கள்

பழைய கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது ஷட்டர். பின்கதவைத் திறந்து வைத்து, ஜன்னல் பக்கம் பிடித்து, 1 நொடி, 1/30, 1/125, 1/500 என்று வரிசையாக அழுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சக் கீற்று குறைந்துகொண்டே வர வேண்டும். 1 நொடியும் 1/30-உம் ஒரே மாதிரி தெரிந்தால் ஷட்டரில் எண்ணெய் பிடித்திருக்கிறது.

அடுத்தது கதவு ஓரத்துக் கருப்பு ஸ்பாஞ்ச். விரலில் தார் மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அப்படியே விட்டால் வெளிச்சம் கசிந்து எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கோடு விழும்.

மூன்றாவது, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். பழைய கேமராக்கள் பலவும் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் நகரும், ஆனால் காட்டுவது தவறாக இருக்கும். முள் நகருகிறதே என்று நம்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. கைபேசியில் லைட் மீட்டர் செயலி ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. ரோல் சுற்றுகிறதா என்று உறுதி செய்யுங்கள்

ஃபிலிமின் நாக்கை எடுப்புச் சுருளில் செருகி, இரண்டு பக்கப் பல்லும் துளையில் மாட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகு கதவை மூடுங்கள். பிறகு திருப்பிச் சுற்றும் கைப்பிடியை மெதுவாகத் திருப்பித் தளர்வை எடுங்கள். இப்போது லிவரை இழுத்தால் அந்தக் கைப்பிடி தானாகச் சுழல வேண்டும்.

அது சுழலவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை. எண் காட்டி 36 வரை ஓடும், உள்ளே ஒரு படமும் விழுந்திருக்காது. முதல் ரோல் வெறுமையாக வந்தவர்களில் நான் பார்த்தவரை அதிகம் பேருக்கு நடந்தது இதுதான். கழுவிய பிறகு ரசாயனத்தின் மேல் பழி போடுவார்கள்.

4. வெளிச்சக் கணக்கு: நிழலைப் பார்த்து வையுங்கள்

நெகட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் கூடினால் மீட்கலாம். குறைந்தால் நிழல் பகுதியில் ஃபிலிமில் பதிவே இருக்காது, இல்லாததை எந்த டெவலப்பரும் கொண்டுவராது. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாக வையுங்கள்.

மீட்டர் இல்லாமலும் எடுக்கலாம். ஐஎஸ்ஓ 400-க்கு மேகமில்லாத வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்16, ஷட்டர் வேகம் 1/500 நொடி. லேசான மேகம் என்றால் எஃப்11. திறந்தவெளி நிழல் என்றால் எஃப்5.6 அல்லது எஃப்4. வேகத்தை மாற்றாமல் அப்பர்ச்சரை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் கை சீக்கிரம் பழகிவிடும்.

ஒகேனக்கலில் மீட்டர் ஏமாறும். அருவியின் வெள்ளை நுரை சட்டத்தை நிரப்பினால், மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பாறையும் பரிசல்காரரும் கரிக்கட்டையாகப் போவார்கள். வெயில் விழும் பாறையை நோக்கி அளவெடுத்து, அந்த அளவிலேயே நிறுத்திவிட்டு, பிறகு அருவியைப் பாருங்கள். சாரல் லென்ஸில் படிவதைத் துடைக்கச் சுத்தமான பருத்தித் துணி வேண்டும். சட்டை நுனியில் துடைக்காதீர்கள், தூசி கீறிவிடும்.

பயிற்சிக்கு நான் எப்போதும் சொல்வது நடுகற்களை. தர்மபுரி, கிருஷ்ணகிரி என நம் இரண்டு மாவட்டங்களிலும் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் அவை நிற்கின்றன. தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். செதுக்கு ஆழம் குறைவு என்பதால் உச்சி வெயிலில் கல் வெறும் பலகையாகத்தான் தெரியும். காலையில் வெயில் கல்லின் முகத்தைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் அரை மணி நேரம் உண்டு. அப்போது வீரனின் கையிலிருக்கும் வாளும், பின்னால் இழுத்துக் கட்டிய கொண்டையும், மேலே வெட்டிய எழுத்து வரியும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் வெயிலுக்கு வலு குறைவு, எஃப்11 அல்லது எஃப்8 வையுங்கள். ஒரே கல்லை ஒரு ஸ்டாப் குறைத்து, சரியாக, ஒரு ஸ்டாப் கூட்டி என மூன்று படம் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமரா எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அந்த மூன்று நெகட்டிவிலேயே தெரிந்துவிடும். கல்லில் மாவோ சுண்ணாம்போ பூசி எழுத்தை எடுப்பாகக் காட்டும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பக்க வெயில் போதும், கல்லுக்கும் கேடில்லை.

5. ரசாயனத்தை ஒரு நாள் முன்பே கரையுங்கள்

கழுவும் அன்றே கரைப்பது பெரிய தவறு. டெவலப்பர் தூள் 50 டிகிரி வெந்நீரில்தான் நன்றாகக் கரையும். அதை 24 டிகிரிக்கு இறக்குவதற்குள் பொறுமை போய், சூட்டோடு ஊற்றிவிடுவோம். முந்தின இரவே கரைத்து வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

நாம் இங்கே பயன்படுத்தும் டெவலப்பர் டி-76. அது பாக்கெட்டாகவே கிடைக்கும். கிடைக்காதபோது அதன் சூத்திரம் வெளிப்படையானது, நாமே கலக்கலாம். 1 லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 750 மி.லி. வெந்நீரில் தொடங்கி, எல்லாம் கரைந்த பிறகு 1 லிட்டருக்கு நிரப்ப வேண்டும்.

வரிசை இங்கே உயிர். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், அது முழுதும் கரைந்த பிறகு மீதி சல்ஃபைட், அடுத்து ஹைட்ரோகுவினோன், கடைசியில் போராக்ஸ். அந்தச் சிட்டிகை, மெட்டால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் கெடாமல் காக்கும். சல்ஃபைட் முழுவதையும் முதலிலேயே கொட்டினால் மெட்டால் கரைய மறுக்கும்.

ரசாயனக் கடையில் சீட்டு எழுதிக் கொடுங்கள். சல்ஃபைட் வேறு, சல்ஃபேட் வேறு, சல்ஃபைடு வேறு. வாயால் சொன்னால் கடைப் பையன் எதையும் எடுத்துத் தரக்கூடும். சோடியம் சல்ஃபைடு நச்சு வாயு விடும் பொருள், வீட்டுக்குள் வரவே கூடாது. போராக்ஸ் மட்டும் வெங்காரம் என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும், ஆனாலும் லேப் தரத்தில் வாங்குவது நல்லது. மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தூளை நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் சல்ஃபைட் தூளைச் சுவாசிக்காமல் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

டெவலப்பருக்குப் பிறகு ஊற்றி, படத்தை நிலைக்கச் செய்யும் ரசாயனம் ஃபிக்சர். அதற்குப் பாட்டிலில் வரும் ரேப்பிட் ஃபிக்சர் எளிது, 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர். அது இல்லையென்றால் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) 240 கிராம், சோடியம் சல்ஃபைட் 10 கிராம், சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 25 கிராம், 1 லிட்டருக்கு. ஹைப்போ கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், ஜாடியைப் பிடித்திருக்கும் கை சில்லிடும். அதனால்தான் இதற்கும் வெந்நீரில் தொடங்குகிறோம். மெட்டாபைசல்ஃபைட்டை, கரைசல் குளிர்ந்த பிறகு சேருங்கள்.

டெவலப்பர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். நிரம்பிய பாட்டிலில் டி-76 சுமார் 6 மாதம் இருக்கும், பாதி காலியானால் 2 மாதம்தான். கெடுப்பது உள்ளே நிற்கும் காற்று. இரண்டு பாட்டில் மூடியிலும் பக்கத்திலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மருத்துவமனைகளில் பயன்படும் எக்ஸ்ரே டெவலப்பர் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது என்று சிலர் அதில் கழுவிப் பார்ப்பார்கள். கான்ட்ராஸ்ட் (கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) மிகவும் ஏறிவிடும். முதல் ரோலுக்கு வேண்டாம்.

6. எந்தத் தண்ணீர் எதற்கு

நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்பு மிகுந்த கடின நீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபிலிமைப் பொறுத்தவரை தொந்தரவு புளோரைடு அல்ல, சுண்ணாம்பு உப்பு. குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படிகிற அதே உப்பு காய்ந்த நெகட்டிவில் புள்ளியாக உட்காரும்.

டெவலப்பர் கரைக்கவும் கடைசி அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக் கடையில் 5 லிட்டர் கேனாகவே கிடைக்கும். இடையில் கழுவுவதற்கு ஒகேனக்கல் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும். எந்தத் தண்ணீரையும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவையுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் கடைசி அலசலுக்கு அது ஆகாது.

7. இருட்டில் ரீலில் ஏற்றுவது

இந்தப் படியைப் பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள். ஒரு பழைய ரோலைப் பலி கொடுங்கள். முதலில் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு சேஞ்சிங் பேக்கில். மூன்றாவது கட்டத்தில் தடுமாறாமல் ஏறும்வரை நல்ல ரோலை உள்ளே விடாதீர்கள்.

பைக்குள் போக வேண்டியவை: ஃபிலிம் ரோல், இரண்டு ரீல், நடுக்குழல் (டேங்குக்குள் ரீல்களைக் கோக்கும் குழல்), டேங்க், மூடி, ஓப்பனர், கத்தரிக்கோல். கையை விட்ட பிறகு ‘நடுக்குழல் எங்கே’ என்று தேடும் நிலை வரக் கூடாது. ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணிப் போட்ட பிறகு ஜிப்பை மூடுங்கள்.

நடுக்குழலை மறப்பவர்கள் நிறைய. மூடியின் புனலும் அந்தக் குழலும் சேர்ந்துதான் வெளிச்சத்தைத் தடுக்கின்றன. குழல் இல்லாமல் மூடிய டேங்கைப் பையிலிருந்து எடுத்த கணமே ரோல் கெட்டது.

சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. அது பிரிண்ட் போடும் தாளுக்கானது. எச்பி5 போன்ற ஃபிலிம் சிவப்பு வெளிச்சத்தையும் பதியும். பை இல்லாமல் குளியலறையில் ஏற்றுவதானால் இரவில் செய்யுங்கள். விளக்கை அணைத்து 5 நிமிடம் உட்காருங்கள். கண் பழகிய பிறகு முகத்துக்கு முன் ஆட்டும் கை தெரிந்தால் இருட்டு போதவில்லை. கீஸர் சுவிட்சின் சிவப்புப் புள்ளி, கைக்கடிகாரம், சட்டைப் பையிலிருக்கும் கைபேசி மூன்றையும் யாரும் நினைப்பதில்லை.

ஏற்றும் முறை: ஓப்பனரால் ரோலின் தட்டை மூடியைக் கழற்றி, நாக்குப் பகுதியை நேராக வெட்டி, இரண்டு மூலையையும் கொஞ்சம் சாய்த்து வெட்டுங்கள். கூர்மூலை ரீலின் பள்ளத்தில் குத்தி நிற்கும், சாய்த்தால் வழுக்கும். ரீலின் வாய்க்குள் இரண்டு அங்குலம் நுழைத்துவிட்டு, இரு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருகினால் ஃபிலிம் உள்ளே போகும். இறுகினால் தள்ளாதீர்கள். மடங்கிய இடம் நெகட்டிவில் பிறை வடிவக் கறையாக வரும். கொஞ்சம் பின்னால் இழுத்து, ரீலை லேசாகத் தட்டி, மறுபடி திருகுங்கள்.

ரீல் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டி நிற்கும். நம் கோடையில் இதைவிடப் பெரிய பகை பைக்குள் வியர்க்கும் கை. அதனால் விடியற்காலையிலோ இரவிலோ ஏற்றுங்கள். வியர்த்துவிட்டால் ஃபிலிமை டேங்குக்குள் வைத்து மூடிவிட்டு, கையை எடுத்துத் துடைத்துக் காய்ந்த பிறகு தொடருங்கள். ஃபிலிம் ஏறிய ரீலைக் குழலில் கீழேயும் காலி ரீலை அதன் மேலேயும் போடுங்கள். காலி ரீல் இல்லாவிட்டால் டேங்கைக் கவிழ்க்கும்போது கீழ் ரீல் மேலே ஏறி, டெவலப்பருக்கு வெளியே நின்றுவிடும்.

8. எல்லாவற்றையும் ஒரே வெப்பத்துக்குக் கொண்டுவருதல்

டெவலப்பர் 250 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 250 மி.லி. கலந்து 500 மி.லி. ஆக்குங்கள். கலக்காமல் நேராகவும் ஊற்றலாம், ஆனால் நம் வெயிலுக்குக் கலந்ததே நல்லது. காரணம் நேரம். எச்பி5 பிளஸுக்கு டி-76 கலக்காமல் 20 டிகிரியில் 7½ நிமிடம். 24 டிகிரியில் அது 5 நிமிடத்துக்கு வந்துவிடும், 26 டிகிரியில் இன்னும் குறையும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றும் நேரமும் வடிக்கும் நேரமுமே படத்தில் திட்டாகத் தெரியும். பாதிக்குப் பாதி கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம், 22-இல் சுமார் 9, 24-இல் சுமார் 7½, 26-இல் சுமார் 6¼. வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது.

கோடையில் 24 டிகிரி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில், அதுவும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம், காலைத் தண்ணீர் 20 டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அப்போது அச்சிட்ட நேரத்தையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பெரிய பேசினில் மண்பானைத் தண்ணீரை ஊற்றுங்கள். நம் வறண்ட காற்றில் பானை நன்றாகக் குளிரும், மின்சாரம் போனாலும் கவலையில்லை. பானைத் தண்ணீர் போதாவிட்டால் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி பேசினில் போடுங்கள். ஐஸை டெவலப்பருக்குள் நேராகப் போட்டால் கலவை நீர்த்துவிடும். டெவலப்பர் ஜாடி, ஃபிக்சர் ஜாடி, கழுவும் தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் இந்தப் பேசினுக்குள் நிற்க வேண்டும்.

டெவலப்பரை மட்டும் குளிரவைத்து, கழுவும் தண்ணீரை நேராகக் குழாயிலிருந்து பிடிப்பது பரவலான தவறு. 24 டிகிரியில் இருந்த ஜெலட்டின் (படம் பதியும் ஃபிலிமின் பூச்சு) திடீரென்று 34 டிகிரியைச் சந்தித்தால் இளகி, சுருக்கம் விழுந்து, காய்ந்த பிறகு படம் முழுக்க நுண்ணிய விரிசல் தெரியலாம். எல்லாம் 2 டிகிரி வித்தியாசத்துக்குள் இருந்தால் பயமில்லை.

9. டெவலப்பருக்கும் ஃபிக்சருக்கும் முன் இரண்டு சோதனை

ரோலின் நாக்கிலிருந்து வெட்டிய துண்டை எறிந்துவிடாதீர்கள். அதை இரண்டாக வெட்டுங்கள். ஒன்றை வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போடுங்கள். சில நிமிடத்தில் கருத்தால் டெவலப்பர் உயிரோடு இருக்கிறது. இன்னொன்றை ஃபிக்சரில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிவாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அதன் இரு மடங்குதான் உங்கள் ஃபிக்சிங் நேரம். புதிதில் எடுத்த நேரத்தைப் போல இரு மடங்கு ஆனால் அந்த ஃபிக்சர் தீர்ந்துவிட்டது.

இந்தச் சோதனையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பாட்டில் மாற்றி ஊற்றுகிறார்கள். ஃபிக்சர் முதலில் போனால் எல்லாப் படமும் கரைந்து, கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம் மிஞ்சும். மீட்க வழியே இல்லை. ஜாடிகளை இடமிருந்து வலமாக, ஊற்றும் வரிசையிலேயே அடுக்குங்கள்.

10. டேங்குக்குள் நடப்பது

டெவலப்பரை நிற்காமல் ஊற்றுங்கள். ஊற்றி முடிந்ததும் நேரம் தொடங்குகிறது. மூடியைப் போட்டு முதல் 10 நொடியில் 4 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு டேங்கின் அடியை மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள், ஃபிலிமில் ஒட்டிய காற்றுக் குமிழி விடும். குமிழி இருந்த இடம் படத்தில் வட்டப் புள்ளியாக வரும். அடுத்து ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 10 நொடிக்குள் 4 முறை கவிழ்க்க வேண்டும். மீதி நேரம் டேங்க் பேசின் தண்ணீரில் நிற்கட்டும்.

மணல் கடிகாரத்தைத் திருப்புகிற வேகம் போதும். காக்டெயில் குலுக்குகிற வேகத்தில் ஆட்டினால் துளைகளின் ஓரத்தில் கோடு கோடாகக் கருப்பு ஏறும். ஆட்டவே இல்லையென்றால் திட்டுத் திட்டாக வரும். எப்படி ஆட்டினாலும் எல்லா ரோலுக்கும் ஒரே மாதிரி ஆட்டுங்கள், அப்போதுதான் நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கும்.

முடிய 10 நொடி இருக்கும்போதே வடிக்கத் தொடங்குங்கள். கலந்த டெவலப்பர் ஒரு முறைக்குத்தான், திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். உடனே தண்ணீரை நிரப்பி, ஆட்டி, கொட்டுங்கள். இரண்டு முறை செய்தால் போதும். டெவலப்பர் வேலையை நிறுத்துவதும், ஃபிக்சர் சீக்கிரம் கெடாமல் காப்பதும் இந்த அலசல்தான்.

பிறகு ஃபிக்சர், சோதனையில் கண்ட நேரம். ஆட்டும் முறை அதே. ஃபிக்சரை மறுபடி பாட்டிலில் ஊற்றி வையுங்கள், இன்னும் பல ரோலுக்கு உதவும். இப்போது மூடியைத் திறந்து பார்க்கலாம். ஃபிலிம் பால் நிறமாகத் தெரிந்தால் பதறாமல் மறுபடி ஃபிக்சரில் விடுங்கள்.

11. தண்ணீரைக் கொட்டாமல் கழுவுவது

ஓடும் குழாயின் கீழே அரை மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அது நியாயமில்லை, தேவையும் இல்லை. டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 முறை. மறுபடி நிரப்பி 20 முறை. இது இல்ஃபோர்ட் நிறுவனமே பரிந்துரைக்கும் முறை. ஹைப்போ தூளில் ஃபிக்சர் செய்திருந்தால் நான் இன்னும் இரண்டு முறை கூடுதலாகச் செய்வேன். மொத்தம் 3 லிட்டருக்குள் முடிந்துவிடும்.

கடைசியாக 500 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் ஃபோட்டோ-ஃப்ளோ 2.5 மி.லி. விட்டு, ஃபிலிமை ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து இறங்க இது உதவும். அளவு கூடினால் நுரையே கறையாகும்.

12. தூசிக்குத் தப்பிக் காயவைப்பது

குளியலறையே சிறந்த இடம். சுவரிலும் தரையிலும் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தொங்கவிடுங்கள். ஆடிக் காற்றில் மாடியில் துணிக்கொடியில் போட்டால் ஈர ஜெலட்டினில் மண் ஒட்டி அப்படியே இறுகிவிடும், பிறகு எதைக் கொண்டும் எடுக்க முடியாது. கீழ் நுனியில் கனமான ஒரு கிளிப் போட்டால் சுருளாது. விரலால் வழித்துவிடாதீர்கள், ஒரு மணல் துகள் இருந்தாலும் 36 படத்துக்கும் நீளமாகக் கீறல் விழும். மின்விசிறியும் ஹேர் டிரையரும் வேண்டாம். மூன்று நான்கு மணி நேரம் கதவைத் திறக்காமல் விடுங்கள்.

காய்ந்ததும் 6 படம் கொண்ட துண்டுகளாக வெட்டி உறையில் இடுங்கள். உறையின் மேல் தேதி, இடம், டெவலப்பர், வெப்பம், நேரம் எழுதுங்கள். வெப்பத்தை எழுதாத குறிப்பு அடுத்த ரோலுக்கு உதவாது.

13. நெகட்டிவின் ஓரத்தைப் படியுங்கள்

தவறு எங்கே நடந்தது என்பதை ஃபிலிமின் ஓரமே சொல்லிவிடும். எண்களும் ஃபிலிமின் பெயரும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டவை. அவற்றைத் தெரியவைப்பது டெவலப்பர் மட்டும்தான், கேமராவுக்கு அதில் பங்கில்லை.

ஓர எழுத்து நல்ல கருப்பாக இருந்து படம் மட்டும் இல்லையா? கழுவியதில் குற்றமில்லை, ஃபிலிம் சுற்றவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் படமும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பர் கெட்டது, நேரம் குறைந்தது அல்லது குளிர்ந்துவிட்டது. எழுத்து சரி, படம் மட்டும் வெளிறல் என்றால் வெளிச்சம் போதவில்லை, 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். எழுத்தே இல்லாமல் முழுக்கத் தெளிவாக இருந்தால் ஃபிக்சர் முதலில் போயிருக்கிறது அல்லது டெவலப்பர் செத்துவிட்டது. ஓரம் உட்பட முழுக்கக் கருப்பு என்றால் வெளிச்சம் புகுந்திருக்கிறது. எழுத்தும் வெயில் பட்ட இடங்களும் அளவுக்கு மேல் கருத்திருந்தால், பேசின் தண்ணீர் நடுவில் சூடேறியிருக்கும். அடுத்த முறை 3-ஆம் நிமிடத்திலும் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

14. தீர்ந்த ஃபிக்சர்

பயன்படுத்திய ஃபிக்சரில் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. அதைச் செப்டிக் டேங்கிலோ தோட்டத்திலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். மூடியைத் தளர்வாக வைத்த ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, அதில் இரும்பு நார் கொஞ்சம் போட்டுச் சில நாள் விடுங்கள். இரும்பு கரைந்து, அந்த இடத்தில் வெள்ளி கரிய வண்டலாக அடியில் இறங்கும். வண்டலைத் தனியாக எடுத்து மூடி வையுங்கள். ஊரில் எக்ஸ்ரே ஃபிக்சரை வெள்ளிக்காக வாங்குகிறவர்கள் இருந்தால், இரும்பு நார் போடாமல் கேனோடு அவர்களிடமே கொடுத்துவிடலாம்.